வர முடியாத நோயாளி

பெருந்தொற்று இரண்டு வழிகளில் உயிரைப் பறிக்கிறது. கிருமி உடலுக்குள் புகுந்து கொல்வது ஒரு வழி. கிருமி தீண்டாத ஒருவர், தமக்கு வேண்டிய மாத்திரையோ ஊசியோ அறுவை சிகிச்சையோ உரிய நேரத்தில் கிடைக்காமல் இறந்துபோவது மற்றொரு வழி. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் முதல் வகை இறப்புகளை அரசுகள் நாள்தோறும் எண்ணி மாலையில் அறிக்கை வெளியிட்டன. இரண்டாம் வகை இறப்புகள் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. அவை ஊர் ஊராக, வீடு வீடாகச் சிதறி நிகழ்ந்தன. அவற்றின் அளவு பல மாதங்கள் கழித்து, ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் தெரியத் தொடங்கியது.

இந்த ஆபத்து முன்பே அறியப்பட்ட ஒன்று. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் பரவிய எபோலா 11,000-க்கும் அதிகமானோரைக் கொன்றது. அக்காலத்தில் மருத்துவமனைகள் முடங்கின. மக்களும் அங்கே போக அஞ்சினார்கள். மருத்துவ வசதி பாதியாகக் குறைந்திருந்தால் மலேரியா, எச்ஐவி, காசநோய் ஆகிய மூன்றால் மட்டும் ஏறத்தாழ 10,600 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது. எபோலா கொன்றவர்களின் எண்ணிக்கைக்கு அது கிட்டத்தட்ட இணை. இந்தக் கணக்கு அச்சில் வந்து நான்கு ஆண்டுகளுக்குள் கொரோனா வந்தது. 2020-இன் முதல் மாதங்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 105 நாடுகளிடம் விசாரித்தது. அவற்றில் 90 விழுக்காடு நாடுகள் தங்கள் வழக்கமான மருத்துவ சேவைகள் தடைபட்டதாகத் தெரிவித்தன.

தூரம் நீண்ட விதம்

இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் பொதுமுடக்கம். மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் திறந்திருக்கலாம் என்று ஆணையில் இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கான பேருந்தும் ரயிலும் ஷேர் ஆட்டோவும் நின்றுவிட்டன. சொந்த வண்டி இல்லாதவருக்கு 15 கிலோமீட்டர் தொலைவில் திறந்திருக்கும் மருத்துவமனையும் மூடிய மருத்துவமனையும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. அவசர மருத்துவத் தேவைக்கு அது கிடைக்கும். ஆனால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சான்றுகளை ஏற்ற வேண்டும், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். சென்னைக்கோ மதுரைக்கோ வேலூருக்கோ மாதம் ஒருமுறை வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போன வெளிமாவட்டத்து நோயாளிகளின் வழக்கம் அங்கே அறுந்தது. இ-பாஸ் நடைமுறை 2020 செப்டம்பர் தொடக்கத்தில்தான் விலக்கப்பட்டது.

போய்ச் சேர்ந்தவர்களுக்கும் தடை இருந்தது. பெரிய அரசு மருத்துவமனைகளின் படுக்கைகள் கொரோனா நோயாளிகளுக்காக ஒதுக்கப்பட்டன. தனியார் கிளினிக்குகள் பல மூடிக்கிடந்தன. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது என்பதை மருத்துவமனை தீர்மானித்தது. அதன் விளைவைச் சுமந்தவர் நோயாளி.

மூன்றாவது தடை அச்சம். அதுவே மற்ற இரண்டையும்விட நெடுநாள் நீடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோய் தொற்றிவிடும் என்ற பயத்தில் நியாயம் இருந்தது. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பரிசோதனையில் தொற்று உறுதியானால் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டுவார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள், அக்கம்பக்கத்தார் முகம் திருப்புவார்கள். அந்த அவமானத்துக்கு அஞ்சிப் பலர் காய்ச்சலை மறைத்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கும்பல் தாக்கியது. சில நாட்களில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகைசெய்யும் அவசரச் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. மருத்துவருக்கே இந்த நிலை என்றால், தொற்று கண்ட ஏழைக் குடும்பம் தன் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடந்திருக்கும்?

ஒரு வாரம்கூடப் பொறுக்காத நோய்

தடை எவ்வளவு விரைவில் உயிரைத் தொடும் என்பது நோயைப் பொறுத்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களின் நிலை இதில் மிகக் கொடியது. சிறுநீரகம் நாள்தோறும் செய்யும் வேலையை இவர்களுக்கு டயாலிசிஸ் இயந்திரம் செய்கிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் ரத்தம் இயந்திரத்தின் வழியே ஓடிச் சுத்தமாகிறது. வாரத்துக்கு 3 முறை என்பது பரிந்துரை. செலவையும் தொலைவையும் கருதி இந்தியாவில் பலர் 2 முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஓரிரு முறை தவறினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஓர் அளவைத் தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். வெளியேறாத நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். இவர்களுக்குப் பொதுமுடக்கத்தின் முதல் 21 நாட்கள் என்பது ஆறு முதல் ஒன்பது சிகிச்சைகள்.

ராஜஸ்தானில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் பெற்றுவந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆய்வாளர்கள் விவரம் கேட்டார்கள். 63 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தடைபட்டிருந்தது. போக வண்டியில்லை, மருத்துவமனை சேர்க்கவில்லை, மருந்து விலை ஏறிவிட்டது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2020 மே மாதத்தில் இவர்களிடையே இறப்பு, மார்ச் மாதத்தைவிட 64 விழுக்காடு உயர்ந்திருந்தது. சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாத நோயாளிகள் இவர்கள். கட்டணத்தை நீக்கியும் காப்பாற்ற முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம், வீட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்த சாலை.

மாரடைப்பிலும் நேரம்தான் எல்லாம். அடைபட்ட ரத்தக்குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். 2020 மார்ச் நடுவிலிருந்து மூன்று மாதங்களில் இந்தியாவின் 187 மருத்துவமனைகளில் மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தார்கள். நெஞ்சுவலி ஊரைவிட்டுப் போய்விடவில்லை. வாயுப் பிடிப்பு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்தவர்களும், தெரிந்தும் போகத் துணியாதவர்களும் அந்த எண்ணிக்கையின் குறைவுக்குள் இருக்கிறார்கள்.

புற்றுநோய் சற்றே அவகாசம் தரும். ஆனால் தவறவிட்டதை மன்னிக்காது. நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் 2019 மார்ச் முதல் மே வரை 1,12,270 புதிய நோயாளிகள் பதிவானார்கள். 2020-இன் அதே மாதங்களில் 51,760 பேர் மட்டுமே. பதிவாகாமல் போன 60,000 பேரின் கட்டிகள் பொதுமுடக்கத்துக்குக் கட்டுப்பட்டு வளராமல் நின்றிருக்காது.

காசநோயின் காணாமல் போன 6 லட்சம்

நுரையீரலைத் தாக்குவது, இருமலில் பரவுவது, நெருக்கடியான வீடுகளில் செழிப்பது என எல்லா வகையிலும் காசநோய் கொரோனாவுக்கு மூத்த உறவு. சிகிச்சை பெறாத ஒரு காசநோயாளி ஓராண்டில் 5 முதல் 15 பேருக்குக் கிருமியைக் கடத்தக்கூடும். எனவே ஒருவரைக் கண்டுபிடித்து மாத்திரையைத் தொடங்குவது அவருக்கும் அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கும் ஒரே நேரத்தில் செய்யும் மருத்துவம்.

இந்தியாவில் 2019-இல் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டுப் பதிவானார்கள். 2020-இல் அது 18 லட்சமாகச் சரிந்தது. நான்கில் ஒருவரைக் காணோம். காசநோயைக் கண்டறியும் மூலக்கூறு பரிசோதனை இயந்திரங்கள் கொரோனா பரிசோதனைக்குத் திருப்பப்பட்டிருந்தன. காசநோய்ப் பணியாளர்கள் காய்ச்சல் முகாம்களிலும் தொற்றுத் தடமறிதலிலும் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று பல்லாண்டுகள் சொல்லிச் சொல்லி மக்களிடம் பதியவைத்த பழக்கமும் தலைகீழானது. இருமுபவர் வெளியே காட்டிக்கொள்ளவே அஞ்சினார். வெளியே பரவல் குறைந்திருக்கலாம். ஆனால் கண்டறியப்படாத நோயாளி அதே ஒற்றை அறையில் குடும்பத்தோடு மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார்.

உலக அளவில் காசநோய் இறப்புகள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வந்தவை. 2020-இல் அவை முதல்முறையாக உயர்ந்து 15 லட்சத்தைத் தொட்டன. இந்தியா 2022-இல்தான் பழைய பதிவு எண்ணிக்கையை மீண்டும் எட்டியது. இடைப்பட்ட காலத்தில் தாமதமாக வந்தவர்கள், நுரையீரல் கூடுதலாகச் சிதைந்த நிலையில் வந்தார்கள்.

பிறப்பும் தடுப்பூசியும்

பிரசவத்தை ஒத்திப்போட முடியாது. அண்டை நாடான நேபாளத்தில் 9 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், பொதுமுடக்கத்தின்போது அங்கு நிகழ்ந்த பிரசவங்கள் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களிலும் 1,000 பிறப்புக்கு 14 ஆக இருந்த இறந்து பிறக்கும் குழந்தைகள் 21 ஆகின. வராத பாதிப் பேர் எங்கே, யார் கையில் பெற்றார்கள் என்பது அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

தடுப்பூசியின் கதை மெதுவாக விளைந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பு ஊசியின் மூன்று தவணைகளையும் பெற்ற குழந்தைகள் உலகில் 2019-இல் 86 விழுக்காடு, 2021-இல் 81. ஐந்து புள்ளிதானே என்று தோன்றலாம். ஆனால் 2021-இல் ஏதேனும் ஒரு தவணையாவது தவறவிட்ட குழந்தைகள் 2.5 கோடி. தட்டம்மை இத்தகைய இடைவெளிக்காகவே காத்திருக்கும் நோய். ஒரு சமூகத்தில் 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புத்திறன் இல்லாவிட்டால் அது நுழைந்துவிடும். 2022 இறுதியில் மும்பையின் நெரிசல் மிகுந்த குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் உயிரிழந்தார்கள்.

விரல் நுனியில் ஓர் எச்சரிக்கை

2021 மே மாதத்தில் பிரச்சினையின் வடிவம் மாறியது. முதல் அலையில் மக்கள் மருத்துவமனைக்குப் போக அஞ்சினார்கள். இரண்டாம் அலையில் போனவர்களுக்கு இடமில்லை. நாட்டில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேல் தொற்று பதிவானது. தமிழ்நாட்டில் மே மூன்றாம் வாரத்தில் நாளொன்றுக்கு 36,000-ஐத் தாண்டியது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசல்களில் வரிசைகட்டி நின்றன. தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்துக்கு அரசு முந்தைய ஆண்டே உச்சவரம்பு வைத்திருந்தது. தீவிர சிகிச்சைக்கு அது நாளொன்றுக்கு 15,000 ரூபாய். அந்த வரம்புக்குள்ளேயே பத்து நாள் சிகிச்சை 1,50,000 ரூபாய். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. மே 7-இல் பொறுப்பேற்ற மாநில அரசு, தனியார் மருத்துவமனைகளில் கொரோனா சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தது.

இந்த நெருக்கடியில் ஒரு சிறு கருவி வீடுகளுக்குள் வந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. இரண்டு ஒளிகளையும் விரலுக்குள் செலுத்தி, நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு கிடைத்துவிடும். 1974-இல் இதை வகுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. கொரோனா நோயாளிகளில் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்கிவிடும் என்பதால், இந்தக் கருவி வீட்டிலிருந்தே ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது. உலகமே அதைத் தேடி வாங்கத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அயோயாகி காலமானார் என்பது மனதில் தங்கும் செய்தி.

கருவிக்கும் குறை உண்டு. கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான ஆக்சிஜன் குறைவை இந்தக் கருவி தவறவிடுவது, வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதே காரணமாகக் கருதப்படுகிறது. கருமையான தோல் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் இது கவலையோடு கவனிக்க வேண்டிய குறை.

திரைக்குள் மருத்துவர்

பொதுமுடக்கம் தொடங்கிய மார்ச் 25 அன்றே இந்தியாவில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. அதுவரை தொலைபேசியில் மருந்து எழுதுவது சட்டத்தில் தெளிவற்ற காரியம். எந்த மருந்தை நேரில் பார்க்காமல் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று நெறிகள் பட்டியலிட்டன. ஏப்ரல் 13-இல் இ-சஞ்சீவனி என்ற அரசின் இணையத் தளம் வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் இலவச சேவை தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் அந்தத் தளத்தில் 10 கோடி ஆலோசனைகள் நடந்திருந்தன.

சர்க்கரை அளவைச் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள, தோல் நோயைப் படமெடுத்துக் காட்ட, மனநல ஆலோசனை பெற இது போதும். வயிற்றை அழுத்திப் பார்க்கவும் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவும் திரையால் இயலாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21 காலத்தில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர். சாலையின் தூரத்தைக் கைப்பேசி குறைத்தது. ஆனால் கணவரின் கையில் இருக்கும் கைப்பேசியில் தன் மாதவிடாய்ச் சிக்கலை ஒரு பெண் எப்படிப் பேசுவார்? 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசிக்கு இணையத்தில் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டபோதும் இதே சுவர் எழுந்தது. அம்மாத இறுதிவாக்கில் அரசு மையங்களில் நேரடிப் பதிவு அனுமதிக்கப்பட்டது.

துக்கம் கேட்க யாரும் வராத வீடு

உலகில் பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்ற நோயும் மனச்சோர்வும் கால் பங்கு அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறியது. பெண்களும் இளைஞர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். வேலை போனது, வீட்டுக்குள் பூட்டிக்கிடந்தது, அடுத்தது யார் என்ற திகில் ஆகியவை எங்கும் பொதுவான காரணங்கள். தமிழ்ச் சமூகத்தில் இன்னொன்றும் இருந்தது. சாவு வீட்டில் ஊர் கூடும், கட்டிப்பிடித்து அழுவார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், பதினாறாம் நாள் வரை வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். துயரத்தைப் பகிர்ந்து கரைக்கும் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் நின்றது. உறையில் கட்டிய உடலைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு பலருக்கு விடைகொடுப்பு முடிந்தது. துக்கம் விசாரிக்க வரவேண்டிய உறவினர் தொலைபேசியில் பேசிவிட்டு வைத்தார். முகம் பார்க்காமல் அனுப்பிய துயரம் ஆண்டுகள் கடந்தும் ஆறாமல் நிற்பதை மனநல மருத்துவம் தனி நிலையாகவே அறிந்து வைத்திருக்கிறது.

இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 2019-இல் 1,39,123, 2020-இல் 1,53,052, 2021-இல் 1,64,033. அந்த இரண்டு பெருந்தொற்று ஆண்டுகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம்.

குழந்தைகளின் இழப்பு வேறு வகை. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. பள்ளியோடு சூடான சத்துணவும், தோழமையும், வீட்டு வன்முறையிலிருந்து நாளுக்குச் சில மணி நேர விடுதலையும் போயின. சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன. மற்ற இரண்டுக்கும் ஈடு எதுவும் இல்லை.

வாசலுக்கு வந்த மாத்திரை

தமிழ்நாட்டின் பொது மருத்துவம் வலுவானது என்ற பெயர் நியாயமானது. ஆனாலும் 2020-இல் நடந்த மாநில அளவிலான ஆய்வு ஒரு கசப்பான உண்மையைக் காட்டியது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், வயதானவரானால் துணைக்கு ஆள் வேண்டும். வலி தராத நோய்க்காக யார் அவ்வளவு பாடுபடுவார்கள்? பெருந்தொற்று இதை மேலும் மோசமாக்கியது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்கு மீறியவர்களையே கொரோனாவும் அதிகமாகக் கொன்றது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியைக் குறிவைத்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரையை வாசலிலேயே தருகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வலித்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கு வருகின்றன. 2024-இல் தொற்றா நோய்த் தடுப்புக்காக ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. திட்டம் நிற்பது குறைந்த ஊக்கத்தொகையில் தெருத்தெருவாக நடக்கும் அந்தப் பெண்களின் கால்களில்; அவர்களுடைய உழைப்புக்கு உரிய ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

காசநோயிலும் மாற்றம் வந்தது. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோய் உறுதியானவுடனேயே ஒவ்வொருவரின் உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் செறிவு, பிடிமானமின்றி எழுந்து நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. நிலை மோசமானவர் அன்றே படுக்கைக்கு அனுப்பப்படுகிறார். கொரோனா வார்டில் எல்லாருக்கும் பழகிப்போன விரல் கருவி இங்கே மூத்த நோய்க்கு வேலை செய்கிறது.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் வாசலில் ஒரு வழி பிறந்திருக்கிறது. வயிற்று உட்சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறையில் இயந்திரம் வேண்டாம். சிறு குழாய் வழியே ஒரு பை திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிட வேண்டும். நாளுக்கு வழக்கமாக 4 முறை. ஒரு மாதத்துக்கு 120 பைகள். பை 2 லிட்டர் என்றால் கால் டன் எடை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போய்வர முடியாதவருக்கு அந்தப் பைகளைத் தூக்கிவருவதும் முடியாத காரியம். 'மக்களைத் தேடி மருத்துவம்' அவற்றை வீட்டில் கொண்டுவந்து இறக்குகிறது. அதன்பின் தேவைப்படுவது கிருமி அண்டாத ஒரு மூலை, கைகழுவ ஓடும் தண்ணீர், ஒவ்வொரு முறையும் குழாயைத் தவறின்றிப் பொருத்தப் பழகிய ஒரு கை. தவறினால் வயிற்றுக்குள் கிருமித் தொற்று ஏற்படும். ஒற்றை அறை வீட்டில் அந்த மூலையை ஒதுக்குவது குடும்பத்தின் பொறுப்பாகவே இன்னும் இருக்கிறது.